வேனுக்கு முதுகு காட்டியவர்கள்

— அப்போ நாளைக்கு நம்ம வேலைக்கு வெளியாளுங்களை ஏத்திக்கிட்டு வேன் வரும்போது என்னதான் செய்யப் போறீங்க? வழக்கம்போல முதுகைக் காட்டி நிக்கப் போறீங்களா, இல்ல உள்ளே இருக்கறவங்க மூஞ்சியைப் பார்க்கப் போறீங்களா?

— முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுங்க. குழாயில தண்ணி நிக்கறதுக்குள்ள ஊற வைக்கணும்.

— நானே துவைச்சுக்கறேன், விடு.

— ஸ்டிரைக் ஆரம்பிச்சதிலேருந்து உங்க சட்டையை நீங்கதான் துவைக்கறீங்க. சலவை ஆலையில வேலை பார்க்கற பொண்டாட்டிக்கு வீட்டுல லீவு குடுத்த ஒரே புருஷன் நீங்கதாங்க.

— அதான் பாரேன். நீ நாள் பூரா கேட்டுல வெயில்ல நிக்கறே, தலைவரே. எனக்கென்ன, ஸ்டிரைக் முடியற வரைக்கும்னு பிடிச்ச பம்ப் பட்டறை வேலையில நிழல்ல உக்காந்து ஸ்பேனர் திருப்பிட்டு வர்றேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— பதில் என் கையில இல்ல. காலைல வேன் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணுவாங்க.

— ஸ்டிரைக் வேணுமா வேணாமான்னு பெட்டி வச்சு மறைவாத்தானே ஓட்டுப் போட்டோம்? இதுக்கு மட்டும் ஏன் கை?

— கேளுங்க, அது எப்படின்னா, ஸ்டிரைக்னா வீட்டுக்கு வீடு அடுப்பைத் தொடற விஷயம். பயந்தவங்களும் பயப்படாம வேணாம்னு சொல்ல வழி இருக்கணும். யார் வேணாம்னு சொன்னாங்கன்னு சூப்பர்வைசருக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. அதுக்குத்தான் பெட்டி. கேட்டுல எப்படி நிக்கறதுங்கறது வேற கதை. நிக்கப் போறவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து முடிவு பண்ணணும். இல்லன்னா பாதிப் பேர் இந்தப் பக்கம் பார்த்து, பாதிப் பேர் அந்தப் பக்கம் பார்த்து, பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி நிப்போம்.

— சரி, நீ எதுக்குக் கை தூக்குவே?

— கேட்டுப் பக்கமே தலை காட்டாத ஆளுக்கு இதுல என்ன இவ்வளவு அக்கறை?

— சும்மாத்தான். இத்தனை நாள் நல்லபடியா போச்சு. கல்லு இல்ல, அடிதடி இல்ல, போலீஸ் வரலை. அதை எதுக்கு மாத்தணும்?

— மாத்தணும்னு நான் சொல்லலை. சைரன் சொல்றா. அவ பின்னாடி ஒரு கூட்டமே சொல்லுது. அந்தா, படியில அவ சத்தம்தான். வந்துட்டா.

— அக்கா! அக்கோவ்! கதவைத் திறங்க! ஒரு கையில கட்டு, ஒரு கையில பை, நான் காலாலதான் தட்டணும்!

— திறந்துதான்டி இருக்கு, வா. நீ கூப்பிட்ட கூப்பாட்டுல மேல் வீட்டுக் குழந்தை எழுந்துடுச்சு.

— ஆலைச் சங்கு கெட்டுப்போன அன்னைக்கு என்னைத்தானே கத்தச் சொல்லி ஷிஃப்ட்டை ஆரம்பிச்சாங்க? சைரன்னு பேரு வேற வச்சாச்சு. இனிமே மெதுவாப் பேசுன்னா எப்படி? அட, அண்ணே! வீட்டுலதான் இருக்கீங்களா? நான் சொல்றேன் கேளுங்க, உங்களைப் பார்த்து ஒரு யுகம் ஆச்சு. தலைவியோட வீட்டுக்காரர்னா கேட்டு டியூட்டியிலேருந்து விலக்கா?

— இல்லம்மா... பட்டறையில வேலை. விட மாட்டேங்கறாங்க.

— தெரியும்ணே, வம்புக்குக் கேட்டேன். உங்களை எவன் என்ன சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். அன்னைக்கு ரோலர் என் கையை உள்ளே இழுத்தப்போ எங்கேயிருந்தோ பாய்ஞ்சு வந்து சுவிட்சை அடிச்சது நீங்கதானே? இல்லன்னா முழங்கை வரைக்கும் இஸ்திரி போட்டு மடிச்சு அனுப்பியிருப்பாங்க.

— அதெல்லாம் எதுக்கும்மா இப்போ.

— விரல் எப்படி இருக்கு? கட்டு மாத்தினாங்களா?

— அங்கேயிருந்துதான்க்கா நேரா வர்றேன். மத்த விரல் எல்லாம் மடங்குது, மோதிர விரல் மட்டும் வீம்பு பிடிக்குது. இன்னைக்கு ஒரு புது நர்ஸ். எப்படிம்மா ஆச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். ரோலருக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி இருக்கும்மா, விரல் அதுல பட்டா மெஷின் டக்குனு நிக்கணும். ஆனா மெஷின் நின்னா, அடியில இருக்கற சூடான தகட்டுல துணி அப்படியே கிடந்து மஞ்சளாயிடும். அதனால எங்க மேனேஜர் ஒயரைப் போட்டுக் கம்பியை மேல தூக்கிக் கட்ட வச்சுட்டார். துணி தப்பிச்சுது, என் கை மாட்டிக்கிச்சுன்னேன். அப்போ ஸ்டிரைக் எதுக்குன்னு கேட்டாங்க. அந்த ஒயரை அவுக்கத்தான்னேன். அதுக்கு ஒரு கட்டர் போதாதான்னு கேக்கறாங்க! எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல.

— கேள்வி சரிதான். ஒயரை வெட்ட ஒரு நிமிஷம் போதும். வெட்டினதை மறுபடியும் கட்டாம இருக்க வைக்கத்தான் சங்கம் வேணும்.

— இதை நீங்க பக்கத்துல இருந்து சொல்லியிருந்தா அந்த நர்ஸம்மாவும் வந்து கேட்டுல உக்காந்திருக்கும். ஒரு துண்டு குடுங்கக்கா, கழுத்தெல்லாம் வேர்வை. ஐய்யோ, இதைப் பிரிச்சாலே பாவம். வீட்டுத் துண்டையும் ஓரத்தை உள்ளே விட்டு மூணா மடிச்சு வச்சிருக்கீங்களே! ஆலையில வேற யாருக்கும் இந்த மடிப்பு வராது.

— கைப் பழக்கம்டி. தூக்கத்துல குடுத்தாலும் அப்படித்தான் மடிப்பேன். சரி, வந்த விஷயத்தைச் சொல்லு.

— சொல்றேன். ஆஸ்பத்திரியில நம்ம ஆலைத் துணிதானே கட்டில்ல விரிக்கறாங்க? வார்டு ஆயாகிட்ட மெதுவா விசாரிச்சேன். எப்படிம்மா வருது விரிப்பு எல்லாம், மஞ்சளா, கருகலான்னு. ஒரு குறையும் இல்லையாம். முன்னைவிட நல்லா வருதாம்!

— நல்லா வருதா?

— நீங்களே யோசிங்கக்கா. வேன்ல வர்றது வெளியூர் ஆளுங்கன்னு சொன்னாங்க. புதுசா வர்றவங்களுக்கு மெழுகுத்துணி ஓட்டத் தெரியுமா? நேரத்துக்கு மெழுகுத்துணியை ரோலருக்குள்ள விடலன்னா விரிப்பு தகட்டோட ஒட்டிக்கும். அதிகமா விட்டா கறை. எப்போ விடணும்னு எந்தப் புத்தகத்துலேயும் இல்ல, ரோலர் லேசா முனகும், அந்தச் சத்தம் காதுக்குப் பழகியிருக்கணும். எனக்கே அது பிடிபட வருஷக்கணக்கு ஆச்சு. இவங்களுக்கு முதல் நாளே எப்படி வந்துச்சு? அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்கதானே ரோலர் மெக்கானிக்கு.

— அது... யாராவது சொல்லிக் குடுத்திருக்கலாம்.

— சொல்லிக் குடுத்தா வராதுண்ணே. ஆளே உள்ளே நிக்கணும். நம்ம ஆளு ஒருத்தன் உள்ளே இருக்கான். அதான் விஷயம். துணி கெட்டுப் போயிருந்தா ஆஸ்பத்திரிக்காரங்க மேனேஜர் கழுத்துல கத்தியை வச்சிருப்பாங்க, அவரும் ஓடி வந்து நம்மகூடப் பேசி முடிச்சிருப்பாரு. நல்ல துணி போற வரைக்கும் அவருக்கு என்ன அவசரம்? ஏசியைப் போட்டுட்டு நாம வாடறதைப் பார்த்துக்கிட்டிருக்கலாம். வேன் நிறைய வர்றவங்களை விடுங்க, அந்த ஒருத்தன்தான்க்கா நம்ம ஸ்டிரைக்கை உடைக்கறான்.

— அவசரப்பட்டு முடிவுக்கு வராதே.

— அவசரமா? நாங்க உக்காந்து கணக்கே போட்டுட்டோம். மெழுகுச் சத்தம் தெரிஞ்சவங்க யாரு? பெரிய மேஸ்திரி. அவரு நம்மகூட கேட்டுல நின்னு டீ ஊத்தறாரு. அவரு மச்சினன் காலை ஒடிச்சுக்கிட்டுக் கட்டில்ல. அப்புறம் நம்ம அண்ணன். அண்ணன் பட்டறையில. இல்லன்னா நான் சொல்றேன் கேளுங்க, அண்ணனையே பிடிச்சுக் கட்டி வச்சிருப்போம்! ஏண்ணே, முழிக்கறீங்க? சும்மா சொன்னேன்!

— ம்.

— மிச்சம் யாரு? பாய்லர்காரர். அவருக்கு ரோலரும் அத்துப்படி. ஸ்டிரைக் ஆரம்பிச்சு ரெண்டு நாள் வந்தாரு, அப்புறம் ஆளைக் காணோம். வேன் ஓட ஆரம்பிச்சதும் அவரு நின்னதும் ஒண்ணா இருக்கு.

— பாய்லர்காரர் அப்படிப்பட்டவர் இல்லம்மா.

— உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?

— தெரியும். அவங்கம்மாவுக்கு உடம்பு முடியாம இருக்கு. பக்கத்துல ஆள் வேணும். அதான் வர்றதில்ல.

— அப்படித்தான் அவரும் சொல்றாராம். யாரு நம்பறது? காலைல அவரு பொண்டாட்டி குழாயடிக்கு வந்தாங்க. ஒருத்தரும் நகரலை. குடத்தை வச்சுட்டு நின்னாங்க, நின்னாங்க, வெறுங்குடத்தோட போயிட்டாங்க.

— நீயும் நின்னியாடி அங்கே?

— ...நின்னேன்க்கா.

— நகரலையா?

— எனக்கு என் கை வலிக்குதுக்கா! இந்தக் கையை வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கறேன். அவரு உள்ளே போய் அதே ரோலரை ஓட்டறார்னா எனக்கு எப்படி இருக்கும்? பசங்க சிலபேரு இன்னைக்கே அவரு வீட்டுக்குப் போய்க் கேக்கறோம்னு துள்ளறாங்க. நான்தான் இருங்கடா, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்னு வந்தேன். அதனாலதான் நாளைக்கு முகத்தைப் பார்த்து நிக்கணும்னு சொல்றேன். யாருன்னு தெரிஞ்சு போகட்டும்.

— முதுகு காட்டி நிக்கறதுதான் நம்ம சங்கத்துக்கே மரியாதைன்னு எல்லாரும் பேசிக்கறாங்களேம்மா. அதை விடலாமா?

— அண்ணே, அதை நான் மறந்துடுவேனா? வேன் வந்த முதல் நாளு கேட்டுல இருந்தவ நான். வேன் வளைவுல திரும்புது. நாங்க எல்லாரும் எட்டி எட்டிப் பார்க்கறோம். உள்ளே ஒருத்தன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், என்னமோ வேனை அவன்தான் ஓட்டற மாதிரி! முன்சீட்டுல ஒருத்தன் தலை வழியாத் துண்டைப் போட்டு, புதுப்பொண்ணு மாதிரிக் குனிஞ்சுக்கிட்டு. பசங்க கையில கல்லு எடுத்துட்டாங்க. அப்போதான் அக்கா ஒரு காலி டிரம்மு மேல ஏறி நின்னு போட்டாங்க பாருங்க ஒரு சத்தம்! நானே தோத்தேன்.

— சரிடி, அந்தக் கதை அவருக்குத் தெரியும்.

— நேர்ல பார்க்கலையே, சொல்ல விடுங்க. 'திரும்புங்க! யாரும் பார்க்காதீங்க! பயத்துல போறாங்க, நாளைக்கு இவங்களோடதான் தோளோட தோள் நின்னு துணி மடிக்கணும். முகத்தைப் பார்த்துட்டா மறக்க முடியாது, திரும்புங்க!' அப்படியே எல்லாரும் திரும்பிட்டோம்ணே. வேன் போற சத்தம் மட்டும் முதுகுல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. கருங்காலின்னு காறித் துப்பற எடத்துல, போய்ட்டு வா, உன்னை நான் பார்க்கலைன்னு சொல்றதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! தலைமைச் சங்கத்திலேருந்து அந்தப் பெரியவர் வந்தாரே, அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண் கலங்கினாரு. பக்கத்து நூல் ஆலையிலேயும் இப்போ இதையே செய்யறாங்களாம்.

— உங்க தலைவிக்குப் பெரிய மனசுதாம்மா.

— ஆனா பெரிய மனசுக்கும் ஒரு எல்லை இருக்குண்ணே. நாம கண்ணை மூடிக்கிட்டா அவனுக்கு வசதியாப் போச்சு. அக்கா, நீங்க என்ன சொல்றீங்க? நீங்க கை தூக்கற பக்கம்தான் எல்லாரும் தூக்குவாங்க.

— காலைல கேட்டுல நான் பேசறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் பாய்லர்காரர் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. பசங்ககிட்டப் போய் இதை என் வாயால சொன்னதாச் சொல்லு.

— சொல்றேன். ஆனா அவரு இல்லன்னு உங்களால அடிச்சுச் சொல்ல முடியுமா?

— முடியும்.

— எப்படிக்கா?

— காலைல சொல்றேன்னு சொன்னேன்ல. இப்போ நேரா அவரு வீட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வா.

— ஒத்தைக் கையாலயா?

— ஒத்தைக் கையாலதான்.

— ...சரிக்கா. வர்றேண்ணே. பட்டறையிலேருந்து நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்கண்ணே. தலைவிக்குப் பக்கத்துல நீங்க நின்னா எங்களுக்கும் ஒரு தெம்பா இருக்கும்.

— பார்த்துப் போ, கடைசிப் படி உடைஞ்சிருக்கு.

— போயிட்டாளா?

— போயிட்டா.

— காலைல என்ன பேசப் போறே?

— சட்டையைக் கழட்டுங்க.

— இப்போ எதுக்கு அதையே...

— கழட்டுங்கன்னு சொல்றேன்ல.

— இந்தா.

— இது என்ன வாசனை?

— எண்ணெய், கிரீஸ். பம்ப்புன்னா அதெல்லாம் இருக்கத்தானே செய்யும்.

— கிரீஸுக்கு மேல இருக்கு பாருங்க. சூட்டுல உருகின மெழுகு. எத்தனை வருஷமா அந்த வாசனையிலேயே மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன். பம்ப்புக்கு யாருங்க மெழுகுத்துணி ஓட்டறாங்க?

— சத்தம் போடாதே. கீழே கேக்கும்.

— நான் சத்தமே போடலைங்க. உக்காருங்க.

— அதான் பாரேன்... நான் வேணும்னு போகலை. சூப்பர்வைசர் டீக்கடையில வச்சுப் பிடிச்சாரு. உன் பொண்டாட்டி தலைவி, ஸ்டிரைக் எப்படி முடிஞ்சாலும் முதல்ல அவளை வெளியே அனுப்புவோம், ஏதாவது ஒரு காரணம் கிடைக்காமலா போகும்னாரு. நீ உள்ளே வந்து ரோலரைப் பார்த்துக்கோ, உன் முகத்துக்காக அவளை விட்டுடறோம்னாரு. நான் என்ன பண்ணுவேன்?

— என்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்க.

— சொன்னா நீ விட்டிருப்பியா?

— மாட்டேன். அந்த மிரட்டலையே மறுநாள் பேச்சுவார்த்தை மேஜையில வச்சிருப்பேன். சங்கத்துல இருக்காங்கறதுக்காக ஒருத்தியை அனுப்பறது சட்டப்படி தப்பு. அது அவங்களுக்கும் தெரியும். அதனாலதான் ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லாம, டீக்கடையில வந்து சொல்லியிருக்காங்க. என்னை அவங்களால தொட முடியாதுங்க. உங்களைத் தொட்டுட்டாங்க.

— உன்னைக் காப்பாத்தறதா நினைச்சேன்.

— தெரியுது.

— எனக்கு ராத்திரியில தூக்கம் இல்ல. வேன் கேட்டுக்கிட்ட வரும்போது உங்க எல்லாரோட முதுகும் வரிசையாத் தெரியும். அதுல உன் முதுகை எனக்குத் தெரியும். யாராவது ஒரு கல்லை விட்டெறிஞ்சாக்கூடத் தேவலைன்னு இருக்கும். இப்போ அந்தப் பொண்ணு அண்ணே அண்ணேன்னு கட்டுப் போட்ட கையை நீட்டி நன்றி சொல்லுது. அன்னைக்கு அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டினது யாரு? மேனேஜர் சொன்னாரு, கட்டினது என் கைதானே?

— அது அவளுக்கும் தெரியும். உங்களை மீறி நடந்துச்சுன்னு நினைக்கறா.

— ஒண்ணு சொல்றேன், நம்புவியா? உள்ளே இப்போ கம்பி கட்டியில்ல.

— என்ன சொல்றீங்க?

— வெளியூர்லேருந்து ஒரு சின்னப் பொண்ணு வருது, ரோலருக்குத் துணி குடுக்க. கையைப் பார்த்தா இவ கை மாதிரியே இருக்கு. என்னால பார்த்துட்டு நிக்க முடியல. ஒயரை அவுத்துட்டு, கம்பியை ஒரு ஸ்பிரிங்கோட இணைச்சேன். விரல் பட்டா ரோலர் நிக்கும், நிக்கறதோட விரல்கடை அளவு மேலேயும் எழும்பும். எழும்பிட்டா துணி சூட்டுத் தகட்டுல அழுந்தாது. அழுந்தலைன்னா மஞ்சளாகாது. அவ்வளவுதான்.

— துணி கெடலையா?

— ஒண்ணுகூடக் கெடல. அதான் ஆயா முன்னைவிட நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கா.

— மேனேஜருக்குத் தெரியுமா?

— பக்கத்துல நின்னு பார்த்தாரு. நல்லாத்தான்யா இருக்குன்னாரு.

— ஏங்க, கேளுங்க, இது எப்படின்னா, ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலேயும் அவரு சொல்ற ஒரே பதில் என்ன தெரியுமா? கம்பியை அவுத்தா துணி கெடும், துணி கெட்டா ஆலையை மூடணும், வேணும்னா புது மெஷின் வர்ற வரைக்கும் காத்திருங்க. அந்த ஒரு பதில்ல எங்க வாயை அடைச்சுட்டாரு. எங்ககிட்டப் பதில் இல்ல. பதில் உள்ளே ஓடிக்கிட்டிருக்கு!

— அப்போ அதை நீ நாளைக்கு மேஜையில வச்சுப் பேசு.

— எப்படிப் பேசறது? உனக்கு யாரு சொன்னான்னு கேப்பாரு. உள்ளே நின்னு கண்ணால பார்த்தவங்க சொன்னாத்தான் அது செல்லும். நீங்கதான் சொல்லணும். மேனேஜர்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி கேட்டுல, நம்ம ஆளுங்ககிட்டச் சொல்லணும்.

— என்னைக் கருங்காலிம்பாங்க.

— ஆமா.

— துப்புவாங்க.

— துப்பலாம்.

— அந்தச் சைரன் பொண்ணு என்னை எப்படிப் பார்க்கும்?

— தெரியலைங்க. ஆனா நீங்க சொல்லலைன்னா, பாய்லர்காரர் வீட்டுக் குடம் நாளைக்கும் வெறுமையாத்தான் திரும்பும். அவங்க செய்யாததுக்கு அவங்க தலைகுனியறாங்க.

— நம்ம பொண்ணு போன் பண்ணும்போதெல்லாம் கேக்கறா, அப்பா, நீங்களும் அம்மாகூட கேட்டுல நிக்கறீங்களான்னு. நான் ஏதாவது சொல்லி மழுப்பிடுவேன். அவ கூட்டாளிங்ககிட்ட எல்லாம் உன்னைப் பத்திப் பெருமையாச் சொல்லியிருக்காளாம்.

— என்கிட்டேயும் சொன்னா. நானும் ஒண்ணும் பதில் சொல்லலை.

— சரி. நாளைக்கு நான் வேன்ல ஏறலை. உங்களுக்கு முன்னாடியே நடந்து கேட்டுக்குப் போயிடறேன். எல்லாரும் வந்ததும் சொல்லிடறேன். போதுமா?

— நானும் கூட வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லணும்.

— வேணாம். நீ தள்ளி நில்லு. வீட்டுல இருந்துக்கிட்டே தெரியாம இருந்துச்சான்னு உன்னையும் கேப்பாங்க. இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லிடு. அதுதானே உண்மை?

— நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குங்க.

— உனக்கு என்ன இருக்கு சொல்றதுக்கு? நீ என்ன தப்புப் பண்ணினே? கல்லு எடுத்தவங்களைத் திருப்பி நிறுத்தினவ நீ. ஒரு ஊரே அதைப் பத்திப் பேசுது. அந்தப் பெரிய மனசுதான் இப்போ சங்கத்துக்குச் சொத்து. என் அசிங்கத்தை அதுமேல பூசிக்காதே. நான் ஒருத்தன் தலைகுனிஞ்சா போதும்.

— முதல் நாள் வேன் வளைவுல திரும்பினப்போ முன்சீட்டுல இருந்த ஆளை நான் பார்த்தேங்க. முகம் தெரியல. தலையில போட்டிருந்த துண்டு தெரிஞ்சுது, ஓரத்தை உள்ளே விட்டு நான் மூணா மடிச்ச கோடு அதுல அப்படியே இருந்துச்சு. டிரம்மு மேல ஏறி எல்லாரையும் திரும்புங்கன்னு நான் கத்தினது, அதைப் பார்த்ததுக்கு அப்புறம்தான்.